பொழுதோடு சாப்பிடுகிறவன்

எங்கள் ஜனங்களை நயினார் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் தெரியாதவர்கள் 'பொழுதோட சாப்பிட்றவங்க' என்று அடையாளம் சொல்வார்கள். எங்கள் சமணர் வீடுகளில் சூரியன் இறங்குவதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். விளக்கு வைத்த பிறகு அடுப்புப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர் எதுவும் சோற்றோடு வாய்க்குள் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். ஆனால் காரணம் தெரிவதற்கு முன்பே வயிறு பழகிவிடும். மற்றவர்கள் இருட்டிய பிறகும் சாப்பிடுகிறார்கள் என்பதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. அவள் மேல்சித்தாமூருக்குப் பக்கத்துக் கிராமம். சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். எனக்கு விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. குடியிருந்தது திண்டிவனத்தில். அங்கே எங்கள் ஜனம் நாலு குடும்பம் இருந்தது, நடந்துபோகிற தூரத்தில் கோயிலும் இருந்தது. பெண் தனியாகத் தவிக்கக் கூடாது என்று மாமனார் அந்த ஊரையே பிடித்துக்கொண்டார். நானும் சரி என்றேன். யார் எதைச் சொன்னாலும் சரி என்பதுதான் அந்த வயதில் என் குணம். நல்ல பிள்ளை என்று பேரெடுக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

காலையில் பாசஞ்சர் ரயிலில் போய், சாயங்காலம் அதே மாதிரி ஒரு ரயிலில் திரும்ப வேண்டும். வீடு வந்து சேர ஏழு, ஏழரை ஆகிவிடும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் அவள் தினமும் இரண்டு டப்பா கட்டிக்கொடுத்தாள். ஒன்று மதியத்துக்கு. இன்னொன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ரயிலில் சாப்பிட. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, சில நாள் கேப்பை அடை. மதியத்துக்கு வைத்ததைவிட சாயங்காலத்துக்கு வைத்தது எப்போதும் ஒரு கரண்டி அதிகம் இருக்கும். ஆறிப்போனதைத் தின்கிற மனுஷனுக்கு அளவாவது நிறைய இருக்கட்டும் என்பாள்.

அவள் வீட்டில் ஏழு பேர். சாயங்காலம் கொல்லையில் பயிர் வேலை முடிந்து எல்லோரும் வந்து கை கால் கழுவிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்களாம். வெளிச்சம் போய்விடும் என்பதால் அவசர அவசரமாக, ஒருவர் இலையிலிருந்து ஒருவர் பிடுங்கி, சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவார்களாம். பேசிக்கொண்டே இருந்து பொழுதைத் தவறவிட்டவர் பட்டினி. அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு முகம் மாறிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு வாரத்தில் ஆறு நாள் அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் இருப்பேன். அன்றைக்கு மூன்று மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவாள்.

நான் முதல் ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தேன். வண்டி முண்டியம்பாக்கம் தாண்டும்போது டப்பாவைத் திறப்பேன். பொழுது இறங்குவதற்குள் முடித்துவிடுவேன். சீசன் டிக்கெட்காரர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். பொழுதைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் என்பதால் ஜன்னல் ஓரத்தை எனக்கென்று விட்டுவைப்பார்கள். பாதியில் ஏறுகிறவர்களிடம் என்னைக் காட்டி ஏதாவது சொல்வார்கள். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். காது மட்டும் நிமிர்ந்திருக்கும்.

ஒரு ஐப்பசி மாதம். நல்ல மழை. மேலதிகாரி ஏதோ ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஓடிப்போய் அடுத்த வண்டியில் ஏறினபோது நன்றாக இருட்டிவிட்டது. அதில் வந்த சீசன் டிக்கெட்காரர் ஒருவர், இன்றைக்குச் சாப்பிடவில்லையா என்று கேட்டார். பொழுது சாய்ந்துவிட்டது, இனி காலையில்தான் என்றேன். அந்தப் பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைக் கும்பிட்டதில்லை. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பசி அடங்கிவிட்ட மாதிரிகூட இருந்தது.

மாதிரிதான். திண்டிவனத்தில் இறங்கினபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஓட்டல். தோசை வார்க்கிற வாசனை தெருவரைக்கும் வந்தது. உள்ளே போய், இனிப்பு அலமாரிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத ஒரு மேஜையில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் வெங்காயமே வாசல் தாண்டாது. அந்த சாம்பாரில் வெங்காயம் மிதந்தது. அதையும் சாப்பிட்டேன். டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சோற்றை வெளியே ஒரு கறுப்பு நாய்க்குப் போட்டுவிட்டு, குழாயடியில் டப்பாவைக் கழுவி, பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் அவள் கேட்டாள்.

"சாப்ட்டீங்களா?"

தினமும் கேட்பதுதான். ம் என்றேன். அதுதான் முதல் பொய். ஒரு எழுத்துப் பொய். சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கியும் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பெட்டியில் கிடைத்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. அந்தத் தோசையும் வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் நான் ரயிலில் டப்பாவைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். மதியத்தோடு சரி, ஒருவேளைச் சாப்பாடுதான் என்று சொல்லிக்கொண்டேன். ரயிலில் நான் ஒருவேளை உண்கிற தவசி. ஓட்டலில் இரண்டு தோசை, ஒரு காபி. வீட்டில், கட்டிக்கொடுத்த சோற்றை வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டு வந்த நல்ல புருஷன். மூன்று இடத்தில் மூன்று ஆள். என்னை உள்ளபடி அறிந்த ஜீவன் அந்தக் கறுப்பு நாய் ஒன்றுதான். அது வண்டி சத்தம் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஆறு மாதத்தில் நன்றாகக் கொழுத்துவிட்டது.

நான் நம்பிக்கை இல்லாதவன் அல்ல. அப்படி இருந்திருந்தால் தைரியமாக எல்லோர் முன்னாலும் சாப்பிட்டிருப்பேன், அதில் ஒரு நேர்மையாவது இருந்திருக்கும். நம்பினவனும் அல்ல. எனக்கு வயிறும் நிறைய வேண்டும், பேரும் நிலைக்க வேண்டும். அவ்வளவுதான் நான்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்துக் கிளை அலுவலகத்தில் ஒரு இடம் காலியானது. எப்படியோ அவள் காதுக்கு அது போய்விட்டது. எழுதிக்கொடுங்கள், சாயங்காலம் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், சேர்ந்து சாப்பிடலாம் என்றாள். அதற்கு மேல் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நகை, புடவை, சினிமா எதுவும் இல்லை. இது ஒன்றுதான். எழுதிக்கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். எழுதவில்லை. ஜன்னல் ஓரத்தையும் அலமாரிக்குப் பின்னால் இருந்த மேஜையையும் விட மனசு வரவில்லை. ஒரு மாதம் கழித்து, கேட்டுப் பார்த்தேன், வேறு யாருக்கோ போய்விட்டது என்றேன். அவள் என் கையைப் பிடித்து, போனால் போகிறது, நீங்கள் வருத்தப்படாதீர்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அதே ரயிலில் அவளுக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவரும் அவ்வப்போது வருவார். அவர் மூலம் என் புகழ் அவள் ஊர்வரைக்கும் போனது. அடுத்த கோயில் விசேஷத்துக்கு நாங்கள் போயிருந்தபோது, பூஜை முடிந்து ஜனம் உட்கார்ந்திருந்த இடத்தில் என்னை முன்னால் கூப்பிட்டார்கள். எதற்கு என்று தெரியாமல் போனேன். தெரியாமல் என்பதுகூடப் பொய். கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது.

சித்தப்பாதான் பேசினார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் தினம் அலைகிற பிள்ளை, இந்தக் காலத்தில் இந்த வயதில் ஒருவேளைச் சாப்பாடு, மதியத்துக்கு மேல் வாயில் ஒரு பருக்கை போடுவதில்லை, நானே கண்ணால் பார்த்தேன் என்றார். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். 'ஒருவேளை' என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குச் சொன்னது ஒன்று, ரயிலுக்குச் சொன்னது ஒன்று. தினமும் இரண்டு டப்பா கட்டுகிறவள் அவள். இரண்டும் காலியாகத் திரும்பி வருவதைப் பார்க்கிறவளும் அவள். என்னைப் புகழ்ந்தவர்களே என்னை அவளிடம் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சால்வையை மடியில் வைத்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது ஒன்று மட்டும் சொன்னாள். ஆறின சோறு சாப்பிட்டுவிட்டு ரயிலில் வருகிற எந்த ஆம்பளையும் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தேன் என்றாள். நான் சித்தப்பா எதையோ மாற்றிச் சொல்கிறார் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. முன்னால் போய்விட்டாள்.

நாலைந்து நாள் எதுவும் நடக்கவில்லை. இரண்டு டப்பாவும் வழக்கம்போல வந்தன. நானும் வழக்கம்போல அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. தோசை சாப்பிட்டுவிட்டு ஏழே காலுக்கு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தாளிப்பு வாசனை. நான் பக்கத்து வீடு என்று நினைத்தேன். உள்ளே கூடத்தில் பல்புக்கு நேர் கீழே இரண்டு இலை போட்டிருந்தாள். தண்ணீர் தெளித்த இலைகள். பக்கத்தில் சோற்றுக் குண்டான், கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். எல்லாவற்றிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து இருட்டில் ஒரு வாய் சோறு தின்னாதவள்.

"உக்காருங்க. சூடா இருக்குது" என்றாள்.

"பொழுது சாஞ்சி எவ்ளோ நேரம் ஆவுது. இன்னா காரியம் பண்ற நீ?" என்றேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாயில் தோசை வாசனையோடு, கோயிலில் பிரசங்கம் செய்கிறவர் குரலில் கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சிதான் பண்றேங்க. ஓட்டல் வெங்காய வாசன உங்க மேல தெனமும் அடிக்குது. ஓட்டல்ல சாப்பிட்றத வூட்ல சாப்பிடுங்க. பொய் சொல்லிக்கினு ஆளுக்கொரு பக்கம் சாப்பிட்றதுக்கு, தப்புன்னா ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண தப்பாவே இருக்கட்டும். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. நீங்க உக்காந்தா போதும்."

நான் உட்கார்ந்திருக்கலாம். மூன்று எட்டு வைத்தால் இலை. வயிறு நிறைந்திருந்தால் என்ன, ஒரு கைப்பிடி சோறு இறங்காதா? உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். நான் அழுதிருப்பேன். அவள் திட்டியிருப்பாள், அதற்குப் பிறகு சிரித்திருப்பாள். எல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

"நான் ரயில்லியே சாப்ட்டேன்."

அவள் சரி என்றாள். தன் இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி வழக்கமான பிரார்த்தனையைச் சொன்னாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு கவளத்தையும் பல்பு வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பூச்சி பொட்டு ஏதும் இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு வாயில் வைத்தாள். அவசரமே இல்லை. ஒரு இலைச் சோறு முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு பக்தியோடு யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் ஒரு டப்பாதான் இருந்தது. அன்றிலிருந்து அவள் பழையபடி பொழுதோடு சாப்பிட்டாள். கதவைத் திறந்ததும் சாப்ட்டீங்களா என்று கேட்பது மட்டும் நின்றுவிட்டது. பொய்க்கு இடம் இல்லாமல் செய்துவிட்டாள். அந்தக் கேள்வி இல்லாமல் வீட்டுக்குள் நுழைவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து மாமனார் புது மல்லாட்டை மூட்டையோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். மூன்று பேரும் பொழுதோடு சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, அவள் அப்பாவிடம் தானாகவே சொன்னாள். போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டேன், உன்னிடம் மறைக்க முடியவில்லை என்றாள். அவர் பதறிப்போனார். உடம்பு சரியில்லையா, மயக்கமா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, பசித்தது, சாப்பிட்டேன் என்றாள். என் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

அவர்தான் திரும்பினார்.

"மாப்ள, நீங்க வூட்ல இருக்கும்போதா?"

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதவே தேவையில்லை. அவள் எனக்காக வழியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஒரு வாக்கியம் போதும்.

"நான் சொல்லித்தான் பார்த்தேன் மாமா" என்றேன்.

அதில் பொய்யே இல்லை பாருங்கள். நான் சொல்லித்தான் பார்த்தேன். என் பொய்களிலேயே கேவலமானது அந்த உண்மைதான்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். ஒரு நாள் ஒருபொழுது இருந்துவிடு, போதும் என்றார். அவள் மூன்று நாள் தண்ணீரோடு இருக்கிறேன் என்றாள். அவர் எவ்வளவு சொல்லியும் குறைக்கவில்லை. மாமனார் வருத்தப்பட்டுச் சித்தப்பாவிடம் சொன்னது ஊருக்குப் போய், அப்பேர்ப்பட்ட புருஷன் கிடைத்தும் அந்தப் பெண்ணுக்கு நாக்கை அடக்க முடியவில்லையே என்று பேசிக்கொண்டார்கள். ஒரே ஒரு நாள் சாப்பிட்டவள் நோன்பிருந்தாள். தினமும் சாப்பிட்டவனுக்குச் சால்வை பெட்டியில் இருந்தது.

மூன்றாவது நாள் லீவு போட்டேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, நானும் இன்றிலிருந்து உன்னோடு நோன்பு இருக்கிறேன் என்றேன். அப்போது நான் மனசாரத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"யாருக்காக?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

ஓட்டலுக்குப் போவதை அந்த வாரத்தோடு விட்டேன். ரயிலில் பெட்டியை மாற்றிக்கொண்டேன். என்னைத் தெரியாத ஆட்களோடு நின்றுகொண்டு வந்தேன். கையோடு எடுத்துப்போகிற மதியச் சோற்றில் பாதியை வைத்திருந்து, ஐந்து மணிக்கு அலுவலக மேஜையிலேயே சாப்பிட்டேன். இடமாற்றத்துக்கு நிஜமாகவே எழுதிக்கொடுத்தேன். இந்த முறை இடம் எதுவும் காலியாக இல்லை. இரண்டு வருஷம் நடையாய் நடந்த பிறகு கிடைத்தது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம். ஐந்தரைக்கு சைக்கிளில் வந்துவிடுவேன். மேற்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து, அந்த வெளிச்சத்தில் எதிரெதிரே உட்காருவோம். அவள் அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். தெருக்காரர்கள் எல்லோரையும் மாதிரி பேசிக்காட்டிச் சிரிக்கவைப்பாள். என் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொள்வாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவள் மன்னித்துவிட்டாள் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். கேட்டால்தானே தெரியும். கேட்கப் பயந்துகொண்டு முடிவு பண்ணிக்கொண்டேன்.

நான் மட்டும் விதியில் ரொம்பக் கெட்டியாகிவிட்டேன். ஆறு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீரும் தொடமாட்டேன். யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் இருட்டிவிட்டால் கும்பிட்டு எழுந்துவிடுவேன். இந்த முறை ஊருக்காக இல்லை. அவள் பார்க்க வேண்டும், இவன் திருந்திவிட்டான் என்று அவள் நினைக்க வேண்டும். எழும்போது ஓரக்கண்ணால் அவளைத்தான் பார்ப்பேன். அவள் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. திண்டிவனத்தில் பார்த்து, பிறகு விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முற்றிவிட்டது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு, வயிற்றில் ஏதாவது சாப்பாடு இருக்கும்போது போட வேண்டும். எங்கள் ஜனத்தைப் பற்றி நான் டாக்டரிடம் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னை நிறுத்தி, சரிங்க டாக்டர், சாப்பிட்டுட்டே போட்டுக்கறேன் என்றாள்.

அன்றைக்கு சாயங்காலம் ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் சாப்பாட்டை முடித்துக்கொண்டேன். எட்டு மணிக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டு பிட்டாள். வாயில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் ரெண்டு எடுத்துக்கினு உக்காருங்க. தனியா சாப்பிடப் புடிக்கல" என்றாள்.

"நான் அஞ்சரைக்கே சாப்ட்டேன்" என்றேன்.

இது உண்மை. முழு உண்மை. அவளிடம் அதே வார்த்தையை உண்மையாகச் சொல்ல முடிந்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. பார், இப்போது நான் வேறு ஆள், என்று சொல்லிக்கொண்டு நிற்கிறவனைப் போல நின்றேன். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தெரியும். இப்போல்லாம் நெசமாவே சாப்ட்டுட்டுதான் சொல்றீங்க."

சொல்லிவிட்டு அந்தத் துண்டை வாயில் வைத்தாள். ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தாள். பதினொரு நாளும் எட்டு மணிக்கு நான் பொட்டலத்தைப் பிரித்தேன். அவள் சாப்பிட்டாள். ஒரு நாளும் மறுபடி என்னை உட்காரச் சொல்லவில்லை. அவள் சொல்வாள் என்று ஆறாவது ஏழாவது நாளிலிருந்து நான் காத்திருக்க ஆரம்பித்தேன். எட்டாவது நாள் இரண்டு இட்லி கூடவே வாங்கி வந்தேன். அவள் சொல்லாமல் எப்படி உட்காருவது என்று நின்றுகொண்டே இருந்தேன். கூட வாங்கினதைப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்தேன்.

அவள் என்னை இரண்டே முறைதான் கூப்பிட்டாள். இரண்டு முறையும் பொழுது சாய்ந்திருந்தது. நான் இரண்டு முறையும் அதை விதியைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். முதல் முறை ஊர் என்ன நினைக்கும் என்று நின்றேன். இரண்டாம் முறை அவள் என்ன நினைப்பாள் என்று நின்றேன். தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

இன்றும் நான் பொழுதோடுதான் சாப்பிடுகிறேன். வயதாகிவிட்டது, தனி ஆள், பார்க்க யாரும் இல்லை. சாப்பிட்டேனா என்று கேட்கவும் யாரும் இல்லை. விளக்கு வைத்த பிறகு சில நாள் கூடத்தில் பல்புக்குக் கீழே போய் வெறுந்தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் ஒரு முறை, ஒரே ஒரு முறை, உக்காருங்க என்று சொல்ல வேண்டும். நான் உட்கார்ந்துவிட்டேன், இப்போதாவது சொல்லேன் என்று வாய்விட்டே கேட்கிறேன்.